சத்துணவு, காலை உணவு ரெண்டும் அரசே கொடுக்குது... அப்போ தன்னார்வலருக்கு என்ன வேலை? சேரங்கோடு சொல்லும் கணக்கு!

ஜூலை மாதம், விடாத மழை. 'கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று காலையில் டிவியில் ஸ்க்ரோல் ஓடும். நம்மில் பலருக்கு அது வெறும் வானிலைச் செய்தி. பந்தலூர் தாலுகா சேரங்கோட்டில், தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் இருக்கும் 3-ம் வகுப்புக் குழந்தைக்கோ அன்று காலை கிச்சடியும் இல்லை, மதியம் சோறும் முட்டையும் இல்லை. மழையால் தோட்ட வேலை நின்றுபோனால், வேலைக்குப் போனால்தான் கூலி என்று இருக்கும் பெற்றோருக்கும் அன்று வருமானம் கிடையாது.

பள்ளிக் குழந்தைகளுக்குச் சாப்பாட்டு விஷயத்தில் உதவணும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் கேட்கிற கேள்வி, 'ஒரு நாள் பிரியாணி போடலாமா?' என்பதுதான். ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கினால்தான் அந்த உதவி குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

சேரங்கோடு எங்கே இருக்கு?

நீலகிரின்னா ஊட்டி மட்டும் இல்லைங்க. கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் சேரங்கோட்டுக்காரருக்கு ஊட்டியை விட வயநாட்டின் சுல்தான் பத்தேரி பக்கம். 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. அதுதான் பிறகு 'டேன்டீ' நிறுவனமாக மாறியது. சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி என அதன் தோட்டங்கள் இந்தப் பகுதியில் பரவியிருக்கின்றன. இவர்களோடு பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினரும் இந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களும் பந்தலூர் பக்கம் உண்டு.

அதாவது, கையில் நிலமில்லாத, அன்றாடக் கூலியை நம்பிய வீடுகள் ஏராளம். அம்மா, அப்பா இருவரும் காலையிலேயே தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டால், பிள்ளை சாப்பிட்டதா என்று பார்க்க வீட்டில் ஆள் இருக்காது.

அரசு என்ன கொடுக்குது? யாருக்கு இல்லை?

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இப்போது 10-ம் வகுப்பு வரை உண்டு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010-ல் வாரம் 5 முட்டையானது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024-ல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்.

இப்படிப் பள்ளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும், 2025 விரிவாக்கம் வரை காலை உணவு 1 முதல் 5-ம் வகுப்புக்குத்தான். தம்பிக்குப் பொங்கல் கிடைக்கும். 6-ம் வகுப்புக்குப் போன அக்காவுக்குக் கிடைக்காது. அக்காவுக்குத்தான் பள்ளியும் தூரம். வெறும் டீயோடு காலையில் கிளம்பினால் அடுத்த சாப்பாடு மதியம்தான். பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்கு அந்த மதிய உணவும் திட்டத்தில் இல்லை.

மலையில் சில பிள்ளைகளின் படிப்பு இந்த 5-க்கும் 6-க்கும் நடுவிலும் நின்றுபோகலாம். அதற்குச் சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பசியோடு நடக்கிற தூரம் ரொம்ப நீளம்.

தட்டுக்கும் குழந்தைக்கும் நடுவே யானை

காலை உணவு பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறப்படும். நேரத்துக்கு வந்தால்தான் சாப்பாடு. வழியில் யானை நின்றால்? அது நகரும் வரை குழந்தை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் பாத்திரம் கழுவியாகிவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. அரிசிக்காக வீடுகளை உடைத்துக்கொண்டிருந்த 'புல்லட்' என்ற யானையை 2024 டிசம்பரில் இந்தப் பக்கத்தில்தான் வனத்துறை பிடித்தது. அதே ஆண்டு ஜனவரியில், பந்தலூர் அருகே அங்கன்வாடியிலிருந்து அம்மாவோடு வீடு திரும்பிய 3 வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது.

ஆகவே இங்கே ஒரு தன்னார்வலர் கொடுக்கக்கூடிய பெரிய விஷயம் கரண்டி பிடிப்பதாக இல்லாமலும் இருக்கலாம். நாலைந்து லைன் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, தினமும் பள்ளி வரை கூட நடப்பதும் உணவளிக்கும் வேலைதான். யானை நடமாட்டம் பற்றி வனத்துறை தரும் தகவலைக் கேட்டுவிட்டே கிளம்பணும்; வெளியூர்க்காரர் தனியாக இதில் இறங்கக் கூடாது. தொலைவான குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழிக்காவலர் வசதிக்கும் இடமுண்டு. அதற்கு மனு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்பதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

ஆரம்பிச்சதே தன்னார்வலர்கள்தானா?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் நடந்தது நகராட்சிப் பணத்தில். ஆனால் 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, ஊர் மக்கள் கை கொடுத்து நடந்த திட்டம். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கேட்க, மக்கள் நெல்லும் காய்கறியும் விறகும் கொடுத்தார்கள். பிறகு அரசு மானியம் வந்தபோதும், ஒரு பங்கை ஊர்தான் போட்டது.

அதில் சிக்கலும் இருந்தது. விளைச்சல் உள்ள ஊரில் தட்டு நிறையும். கொடுக்க ஆளில்லாத ஊரில்தான் பசி அதிகம். சேரங்கோடு மாதிரி இடங்களில் யார் யாருக்குக் கொடுப்பது? அரசு முழுச் செலவையும் ஏற்றதும், 2001-ல் உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவைக் கட்டாயமாக்கியதும், 2013-ல் அது சட்ட உரிமையானதும் இதனால்தான் முக்கியம். தன்னார்வலர் அந்த உரிமைக்குத் துணையாக நிற்கலாம். மாற்றாக வரக் கூடாது.

சரி, நான் என்ன செய்யலாம்?

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் போய்ப் பாருங்கள். பெற்றோர்கள்தான் அதில் பெரும்பான்மை. எந்த வகுப்புப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது, சமையலர் இடம் காலியா, தண்ணீர் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியும்.

சிறப்பு நாளில் உணவோ, கூடுதலாகப் பழமோ சுண்டலோ கொடுக்க மத்திய அரசின் 'திதி போஜன்' வழிமுறை இடம் தருகிறது. தினசரி உணவை நிறுத்திவிட்டு அல்ல, அதோடு சேர்த்து. நேராகப் பொட்டலத்தோடு போய் நிற்காதீர்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி கலந்த பள்ளி உணவால் 23 குழந்தைகள் இறந்தார்கள். பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் உட்பட பெரியவர்கள் ருசி பார்க்கணும் என்ற விதி நீங்கள் கொண்டுபோகும் உணவுக்கும் வேண்டும். (தட்டோடு குழந்தையை நிறுத்தி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதையும் விட்டுவிடலாமே, ப்ளீஸ்.)

ஒரு முறை விருந்துக்கு ஆகும் பணத்தில், 6-ம் வகுப்புக்கு மேல் படிக்கும் 10 பிள்ளைகளுக்குப் பள்ளி அனுமதியோடு பல நாள் காலையில் அவித்த பயறும் வாழைப்பழமும் கொடுக்கலாம். மழை விடுமுறைக்கென ஊரிலேயே கொஞ்சம் அரிசி, பருப்பு இருப்பு வைப்பது இன்னொரு வழி. 2020 கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது அரசே சத்துணவுப் பிள்ளைகளுக்கு உலர் பொருட்களாகக் கொடுத்தது.

பள்ளி நடக்கும் நாளில் மதிய உணவே போடவில்லை என்றால்? 2015 விதிகளின்படி அந்த நாளுக்கான உணவுப் பாதுகாப்புப் படியைக் குழந்தைக்குக் கொடுத்தாகணும். தொடர்ந்து 3 நாள், அல்லது மாதத்தில் 5 நாள் நின்றால் யார் பொறுப்பு என்று அரசு விசாரிக்கணும். சமையலர் வரலை, கேஸ் தீர்ந்துபோச்சு என்பதெல்லாம் இதிலிருந்து தப்பிக்கும் காரணம் ஆகாது. எந்தெந்தத் தேதியில் உணவு இல்லை என்று நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு, பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம்.