கேள்விப் பட்டியலின் பொறுப்பு: திருச்சிராப்பள்ளி மாணவர்க்கான அறைத்தோழர் தேர்வுச் செயலி வடிவமைப்பு

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரி விடுதியில் சேராத மாணவர்கள் சிலர் கூடி வீடு எடுத்து வாழ்வது திருச்சிராப்பள்ளி போன்ற கல்வி நகரங்களில் இயல்பான நடைமுறை. அவ்வாறு உடன் வாழத்தக்கவரைக் கண்டறிய உதவும் கைப்பேசிச் செயலியை வடிவமைக்கும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. பொருத்தும் கணக்கு கடினமானதே. எனினும் செயலியின் தன்மையை முடிவு செய்வது அது பயனரிடம் கேட்கும் கேள்விகளே. பிறப்பைக் கேட்காமல் பழக்கத்தைக் கேட்பது அறத்துக்கும் பயனுக்கும் ஒருங்கே பொருந்தும் என்பது இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அறைத்தோழர், செயலி வடிவமைப்பு, நிலைத்த பொருத்தம், பாகுபாடு, தனியுரிமை, திருச்சிராப்பள்ளி.

முன்னுரை

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. தென்கரையில் திருச்சிராப்பள்ளி நகரம் விரிகிறது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று 1883இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1919இல் தோன்றிய தேசியக் கல்லூரி, 1951இல் நிறுவப்பெற்ற ஜமால் முகமது கல்லூரி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம், 1982இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம் எனப் பல நிறுவனங்கள் வெளியூர் மாணவரை இங்கு ஈர்த்து வருகின்றன.

வாடகை வீட்டை நாடும் மாணவர் பெரும்பாலும் மூத்த மாணவரின் பரிந்துரை, ஊர்க்காரரின் அறிமுகம், வாட்ஸ்அப் குழு ஆகியவற்றின் வழியே உடன் தங்குவோரைத் தேடுகின்றனர். இவ்வழிகள் எளியவை, ஆயினும் அறிந்தவர் வட்டத்துக்குள்ளேயே சுழல்பவை. அறிந்தவர் என்போர் பெரும்பாலும் ஒரே ஊரினர், உறவினர், ஒரே சமூகத்தினர். செயலி ஒன்று இவ்வட்டத்தை விரிவாக்கவும் கூடும், இன்னும் இறுக்கிவிடவும் கூடும். எது நிகழும் என்பது அதன் வடிவமைப்பைப் பொறுத்தது.

1. பொருத்தம் பற்றிய இரு மரபுகள்

பொருத்தத்தைப் பட்டியலிடும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தலைவன் தலைவியர்க்கு இருக்க வேண்டிய ஒப்புமைகள் பத்தினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தொகுத்துரைக்கிறது. அப்பட்டியல் பிறப்பிலும் குடிமையிலும் தொடங்குகிறது; அன்புணர்வும் அருளும் பின்னரே வருகின்றன. இன்றைய திருமணத் தகவல் நிலையங்களின் படிவங்களிலும் பிறப்பே முதலிடம் பெறுகிறது.

இதற்கு மாறான மரபும் தமிழில் உண்டு. அது இந்நகரின் ஒரு பகுதியான உறையூரோடு தொடர்புடையது. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பாராமலே நட்புப் பூண்டனர். வடக்கிருந்த சோழன், நண்பர் தவறாது வருவார் எனக் கூறி அவருக்கும் ஓரிடம் ஒதுக்கி வைக்குமாறு வேண்டியதைப் புறநானூற்றின் 216ஆம் பாடல் காட்டுகிறது. பழகிப் பாராதபோதும் உணர்ச்சி ஒத்தால் நட்பு அமையும் என்பதற்குப் பரிமேலழகர் இவ்விருவரையே சான்றாகக் காட்டுவார்.

அறைத்தோழர் தேர்வு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. மாணவர் இங்குத் தேடுவது மணத்துணையும் அன்று, உயிர்நட்பும் அன்று. நெருங்கிய நண்பர் இருவர் ஒரே வீட்டில் வாழ இயலாமற் போவதுண்டு. நட்பில்லாத இருவர் சச்சரவின்றி ஓராண்டைக் கழிப்பதும் உண்டு. உறங்கும் நேரம், கழுவாத பாத்திரம், குளியலறை முறை, வாடகைப் பங்கு ஆகியவற்றில் உடன்பாடு இருந்தால் போதும். ஆகவே செயலி அளக்க வேண்டியது குணநலனை அன்று, அன்றாட நடத்தையையே.

2. தொலைவைக் கணக்கிடுதல்

வீட்டுத் தேர்வில் முதற் கட்டுப்பாடுகள் வாடகையும் தொலைவுமே. பொதுவான செயலிகள் தொலைவை நிலப்படத்தில் நேர்கோட்டில் அளக்கும். தீவும் கரைகளுமாக அமைந்த இந்நகருக்கு அவ்வளவை பொருந்தாது. திருவரங்கத்திலிருந்து தென்கரைக் கல்லூரிக்குச் செல்பவர் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம் 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது, வாகனங்கள் மாற்றுவழியில் திருப்பிவிடப்பட்டன. நிலப்படத்தில் தொலைவு மாறவில்லை. பயண நேரம் மாறியது.

கல்வி நிறுவனங்களும் ஒரு திசையில் அமைந்தவை அல்ல. தேசியத் தொழில்நுட்பக் கழகம் தஞ்சாவூர்ச் சாலையிலும், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பல்கலைப்பேரூர் வளாகம் புதுக்கோட்டைச் சாலையிலும், தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் திண்டுக்கல் சாலையை ஒட்டிய நாவலூர் குட்டப்பட்டிலும் உள்ளன. 2025இல் பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் வெளியூர்ப் பேருந்துகளின் வழித்தடங்களும் மாறின. எனவே செயலி கேட்க வேண்டியது ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்பதன்று, ‘காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் எத்தனை நிமிடம்?’ என்பதே. வெவ்வேறு கல்லூரிகளில் பயிலும் மூவர் ஒரு வீட்டில் தங்குவதாயின், மூவரின் சராசரி நேரத்தைவிட அவர்களுள் மிகுதியாகப் பயணம் செய்பவரின் நேரத்தைக் கணக்கிற் கொள்வது முறையாகும்.

3. பொருத்தும் கணக்கும் அதன் எல்லையும்

டேவிட் கேல், லாயிட் ஷேப்லி ஆகிய கணித அறிஞர்கள் 1962இல் நிலைத்த பொருத்தம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டனர். தமக்கு அமைந்த இணையைக் கைவிட்டுத் தம்முள் சேர்ந்துகொள்ள விரும்பும் இருவர் இல்லாத நிலையே நிலைத்த பொருத்தம் எனப்படும். மாணவரும் கல்லூரியும் போல இரு தரப்புகள் இருக்கும்போது நிலைத்த பொருத்தம் எப்போதும் உண்டு என அவர்கள் நிறுவினர். அறைத்தோழர் தேர்வில் இருப்பது ஒரே தரப்பு. இங்கு அவ்வுறுதி இல்லை.

க, ச, த, ப என நால்வர் இருவர் தங்கும் இரண்டு அறைகளை நாடுவதாகக் கொள்ளலாம். க முதலில் ச-வையும் அடுத்துத் த-வையும் விரும்புகிறார். ச முதலில் த-வையும் அடுத்துக் க-வையும் விரும்புகிறார். த முதலில் க-வையும் அடுத்துச் ச-வையும் விரும்புகிறார். மூவருமே ப-வைக் கடைசியில் வைக்கின்றனர். க-வையும் ச-வையும் இணைத்தால், ப-வோடு விடப்பட்ட த, ச-வை அழைப்பார்; ச-வும் மகிழ்ந்து செல்வார். எஞ்சிய இரு வகை இணைப்புகளிலும் இதே முறிவு நேரும். நிலைத்த பொருத்தம் உள்ளதா என விரைந்து கண்டறியும் படிமுறையை ராபர்ட் இர்விங் 1985இல் வெளியிட்டார். இல்லாத பொருத்தத்தை எந்தப் படிமுறையாலும் உருவாக்க இயலாது. மும்மூவராகச் சேர்க்கும் நிலையில் கணக்கு மேலும் கடினமாவதை 1991இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இதனால் பெறப்படும் வடிவமைப்பு முடிவு ஒன்று: செயலி அறைத்தோழரை ஒதுக்கீடு செய்யக் கூடாது, பரிந்துரைக்க மட்டுமே வேண்டும். பரிந்துரைக்கும் மதிப்பெண்ணும் இருபுறமும் பார்த்து அமைய வேண்டும். ஒருவருக்கு மற்றவர் 90 விழுக்காடு பொருந்தி, மறுதலையில் 40 விழுக்காடே பொருந்தினால், சராசரி 65 எனக் காட்டி ஏமாற்றும். இரண்டில் குறைந்த எண்ணான 40ஐக் காட்டுவதே நேர்மையானது. வீட்டில் சச்சரவு தொடங்குவது மனநிறைவு குறைந்தவரிடமிருந்தே.

4. கேள்வி கேட்பவரின் பொறுப்பு

‘பயனர் விரும்பியதையே செயலி கேட்கிறது’ என்ற வாதம் வடிவமைப்பாளரிடம் உண்டு. இவ்வாதத்தின் வலுவின்மையை இரு வரலாற்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதலாவது தமிழகத்தது. திருச்சிராப்பள்ளி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். அங்குப் பிராமண மாணவர் சிலருக்கு உணவு தனியே பரிமாறப்பட்டது. பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கியே இவ்வேற்பாடு செய்யப்பட்டது என்பது ஐயர் தரப்பின் விளக்கம். பெ. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய விவாதமாக அது வளர்ந்தது. தனிமனித விருப்பத்துக்கு நிறுவனம் இடம் வகுத்துக் கொடுக்கும்போது, அது நிறுவனத்தின் விதியாகிவிடுகிறது என்பது இதன் பாடம்.

இரண்டாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. அறைத்தோழர் தேடலுக்கான ரூம்மேட்ஸ்.காம் என்னும் இணையதளம், பயனரின் பாலினம், பாலின நாட்டம், குழந்தைகள் உண்டா என்பன போன்ற வினாக்களுக்குக் கட்டாயம் விடையளிக்கச் செய்தது. பயனர் தாமே எழுதும் குறிப்புகளுக்குத் தளம் பொறுப்பாகாது. ஆனால் தானே வகுத்துக் கட்டாயமாகக் கேட்ட வினாக்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோர இயலாது என ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. உடன் வாழ்பவரைத் தேர்வது தனிவாழ்வின் உரிமை; அதற்கு வீட்டுவசதிப் பாகுபாட்டுச் சட்டம் பொருந்தாது என அதே நீதிமன்றம் 2012இல் கூறியது. இவ்விரு தீர்ப்புகளையும் இணைத்து நோக்கினால், தேர்வுரிமை தனிமனிதருடையது, கேள்விப் பட்டியல் வடிவமைப்பாளருடையது என்ற வேறுபாடு தெளிவாகும்.

இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு கடை, உணவகம், கிணறு, படித்துறை முதலிய இடங்களில் பாகுபாட்டை விலக்குகிறது; தனியார் வாடகை வீட்டை அது பெயர் சுட்டிக் கூறவில்லை. சுகதேவ் தோரட்டும் பிறரும் டெல்லி வட்டாரத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வாடகை வீடு மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது. சட்டம் பேசாமல் விட்ட இவ்விடத்தில் படிவத்தின் ஒரு கட்டம் கதவைத் திறக்கவோ மூடவோ வல்லது.

5. உணவு என்னும் வினா

சாதியையும் மதத்தையும் படிவத்திலிருந்து நீக்குவது எளிது. உணவே கடினமான வினா. சமையலறையைப் பகிர்வோர்க்கு அது உண்மையான நடைமுறைச் சிக்கல். அதே வேளையில் ‘சைவம் மட்டும்’ என்னும் சொல், சாதியை மறைமுகமாகக் கேட்கும் வழியாகவும் பயன்படுகிறது. வினாவை விலக்கினால் வீட்டில் பூசல் எழும். அப்படியே வைத்தால் விலக்கல் எழும். ஆளின் அடையாளத்தைக் கேட்கும் வினாவைச் சமையலறைச் செயல் பற்றிய வினாவாக மாற்றுவது இதற்குத் தீர்வாகும்:

அ) ‘நீங்கள் சைவமா?’ என்பதற்கு மாறாக, ‘பொதுச் சமையலறையில் இறைச்சி, மீன், முட்டை சமைப்பதில் உங்களுக்கு உடன்பாடா?’

ஆ) ‘தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டால் உடன்பாடா?’

இ) ‘வெளியே வாங்கி வந்து அறையில் உண்பதில் மறுப்பு உண்டா?’

இவ்வினாக்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு முனைகளுக்கு நடுவே உடன்பாட்டுக்கு இடம் தருகின்றன. வீட்டு உரிமையாளர் விதிக்கும் நிபந்தனையை மாணவரின் விருப்பத்தோடு கலவாமல் தனியே காட்டுவதும் இன்றியமையாதது. இல்லையெனில் உரிமையாளரின் தடை மாணவரின் வெறுப்பாகத் தோன்றும். பெயர், ஊர், படம் ஆகியவற்றிலிருந்தும் பிறப்பை ஊகிக்க இயலும். ஆதலால் முதற்கட்டத்தில் பழக்க விவரங்களையும் பொருத்த மதிப்பெண்ணையும் மட்டும் காட்டி, இருவரும் விருப்பம் தெரிவித்த பின்னரே பெயரும் தொடர்பு எண்ணும் வெளிப்படுமாறு அமைத்தல் வேண்டும்.

6. தனியுரிமையும் ஒப்பந்தமும்

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கோருகிறது. முதலாண்டு மாணவருள் பலர் 17 வயதினர் என்பதால் இவ்விதி செயலியின் பதிவுப் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். மாணவியர் விவரம் மாணவியர்க்கு மட்டும் தெரிதல், கல்லூரி அடையாள அட்டை வழிச் சரிபார்ப்பு, வீடு அமைந்ததும் தரவை அழித்தல் ஆகியனவும் தேவை.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்துவழி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. உரிமையாளரின் எழுத்துவழி இசைவின்றி உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறது. ஒருவர் பெயரில் ஒப்பந்தமிட்டு நால்வர் தங்கினால் மற்ற மூவரின் நிலை வலுவற்றதாகிறது. ஆகவே அனைவர் பெயரும், முன்பணப் பங்கும், இடையில் விலகுவோர் தரவேண்டிய அறிவிப்புக் காலமும் அடங்கிய ஒப்பந்த மாதிரியைச் செயலி வழங்குதல் நலம்.

முடிவுரை

அறைத்தோழர் தேர்வில் கணக்கால் உறுதியளிக்க இயலாதவை உண்டு. அவற்றை மாணவர் நேரில் சந்தித்துப் பேசியே முடிவு செய்ய வேண்டும். அச்சந்திப்பு யார் யாருக்கிடையே நிகழும் என்பதைக் கேள்விப் பட்டியல் முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. பிறப்பைக் கேட்கும் படிவம் ஏற்கெனவே அறிந்தவரிடமே மாணவரைத் திருப்பி அனுப்பும். பழக்கத்தைக் கேட்கும் படிவம், வேறு வழியில் சந்தித்திருக்க வாய்ப்பில்லாத இருவரை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தும். வீடு தேடி முதன்முறையாக இந்நகருக்கு வரும் மாணவருக்கு, அறிமுகம் ஏதுமின்றியும் ஓரிடம் கிடைக்குமா என்பது அப்பட்டியலைப் பொறுத்தே அமையும்.