தராசில் ஏறாத முதலாளிகள்

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. மலர்க் கண்காட்சி முடிந்து கூட்டம் மலையிறங்கிய பிறகு நிலைமை தலைகீழ். பங்களாக்கள் பனிக்குள் வெறுமனே நிற்கும். முன்பணத்தோடு வருகிறவரிடம் ஊர், தொழில் எல்லாம் துருவிக் கேட்பவர்கள் குறைவு. அப்படி வாடகைக்குப் போன ஒரு வீட்டைத்தான் 2025 செப்டெம்பரில் பொலிஸார் சோதனையிட்டார்கள். ஆகஸ்ட் இறுதியில் ஜகார்த்தாவில் பிடிபட்டு நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கும்பலின் முக்கிய சந்தேகநபரான கெஹெல்பத்தர பத்மேயின் ஏற்பாட்டில் அங்கே 'ஐஸ்' போதைப்பொருள் தயாரிக்க முயன்றார்கள் என்பது பொலிஸார் சொல்லும் கதை. அதே குழுவுக்கு உரியவை என்று அவர்கள் கூறும் இரசாயனங்கள் தெற்கே மித்தெனியவில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. உண்மை எது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

மலையகத்துக்குப் போதைப்பொருள் செய்தி புதிதல்ல. ஆனால் அது வேறு மாதிரி இருந்தது. டிசம்பர் போயாவில் தொடங்கி மே வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், ஹட்டன் வீதியில் மோப்பநாயோடு பொலிஸார் நிற்பார்கள். வெளியூர் இளைஞர்களின் பைகளில் கொஞ்சம் கஞ்சா அகப்படும். நீதவான் அபராதம் விதிப்பார். மறுநாள் பத்திரிகையில் ஆறு வரி வரும். இப்போது வருகிற வழக்குகளில் ஹெரோயினும் ஐஸும் இருக்கின்றன. கூண்டில் நிற்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தக் கூண்டில் காத்திருக்கும் சட்டம் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். அதன் பல்லைக் கூர்மையாக்கியது 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம். 54அ என்ற புதிய பிரிவின்படி, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் கடத்தினாலும் வைத்திருந்தாலும் தண்டனை இரண்டில் ஒன்றுதான்: மரணம் அல்லது ஆயுள் சிறை. கொக்கேனுக்கும் அதே 2 கிராம். 2022இல் வந்த 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸையும் இந்தப் பட்டியலில் சேர்த்து 5 கிராமில் கோடு போட்டது. கோட்டைத் தாண்டியவர் யார், சரக்கின் சொந்தக்காரரா, ஐயாயிரம் ரூபா கூலிக்குப் பையைத் தூக்கியவரா, பையைத் திறந்துகூடப் பார்க்காதவரா என்று தண்டனையை நிர்ணயிக்கும் அந்த வரி கேட்பதில்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையில் உள்ள எடையே விதி.

இந்த 'மரணம் அல்லது ஆயுள்' என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இலங்கையில் கடைசியாகத் தூக்குக் கயிறு இறங்கியது 1976 ஜூன் 23ஆம் திகதி. அதன்பின் மரண தண்டனை என்றால் நடைமுறையில் காலவரையற்ற சிறைதான். ஆகவே நீதிபதியின் கையில் இருப்பது இரண்டு பெயர் கொண்ட ஒரே தண்டனை. கூலிக்காரனையும் முதலாளியையும் பிரித்துக் காட்ட அவர் மனதார விரும்பினாலும் அதற்கான படிக்கட்டு சட்டத்தில் இல்லை.

முதலாளிகளையும் அதே தராசுதான் பிடிக்கிறது என்பது இன்னும் விசித்திரம். வெலே சுதா என்ற பெயரைக் கேட்காதவர்கள் நாட்டில் குறைவு. பெரும் ஹெரோயின் வியாபாரி என்று பல காலம் தேடப்பட்டு, 2015 ஜனவரியில் பாகிஸ்தானிலிருந்து கொண்டுவரப்பட்டவர். அதே ஆண்டு ஒக்டோபரில் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. எவ்வளவுக்கு? 7.05 கிராமுக்கு. வலையமைப்பை நடத்தியதும் அதில் சேர்த்த பணமும் அந்தத் தண்டனைக்குத் தேவைப்படவில்லை. பெரிய மீனையும் சின்ன மீனையும் ஒரே தூண்டிலில் பிடிக்கலாம் என்று அரசாங்கம் இதில் திருப்திப்படலாம். எனக்கு அதில் தெரிவது வேறு: அமைப்பாளன் என்பதை நிரூபிக்கும் உழைப்பே தேவையில்லை என்று பொலிஸாருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டது. யாருடைய சட்டைப்பையிலாவது 2 கிராம் இருந்தால் போதும். அமைப்பாளனின் சட்டைப்பையில் அது இருப்பதில்லை.

இன்று வியாபாரம் நடக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். பணம் ஈஸி கேஷிலோ வங்கிக் கணக்கிலோ போகிறது. சரக்கு ஒரு மைல்கல்லின் பின்னாலோ மதகின் கீழோ வைக்கப்படுகிறது. இடம் வட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்புகிற இலக்கம் பெரும்பாலும் வெளிநாட்டு இலக்கம். கொடுப்பவனும் வாங்குபவனும் முகம் பார்ப்பதில்லை. நடுவில் உடம்போடு இருப்பவன் ஒருவன்தான்: தூக்கிக்கொண்டு வருகிறவன். கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு லயத்துக்குத் திரும்பும் பையனிடம், "தம்பி, ஒரு பார்சல்தான், பஸ் ஸ்டாண்டுல ஒரு அண்ணன் வந்து எடுத்துக்குவாரு" என்று சொன்னால் போதும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் ஐஸுக்கும் ஒருவனிடமே கடன்பட்டவனாக இருந்தால், சொல்லவும் வேண்டாம். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. பார்சலுக்குக் கிடைக்கும் காசு அதைவிட எத்தனை மடங்கு என்பதை அந்தப் பையன் விரல்விட்டு எண்ணிவிடுவான்.

இவர்கள் எல்லோரும் ஒன்றும் அறியாத குழந்தைகள் என்று நான் சொல்ல வரவில்லை. பார்சலில் இருப்பது மாசியோ கருவாடோ இல்லை என்று பலருக்கும் தெரியும். பிள்ளையைத் தூளுக்குப் பறிகொடுத்த தோட்டத்துத் தாயிடம் போய்க் கூரியர்களுக்கு இரக்கம் கேட்டுப் பாருங்கள். "வித்தவன், தூக்கினவன், எல்லாத்தையும் தொங்கவிடணும்" என்பாள். அவள் கோபத்தை மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனாலும் தெரிந்து தூக்கியவனுக்கும், தூக்க ஆள் தேடி அனுப்பியவனுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்காத சட்டம் அந்தத் தாய்க்கும் உதவுவதில்லை. ஒரு பையன் உள்ளே போனால் அடுத்த வாரம் இன்னொரு பையன் கிடைக்கிறான். அனுப்புகிற இலக்கம் மாறுவதில்லை.

மலையகத்துக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். கங்காணி ஆள் பிடித்து வந்த காலத்தில், வழிச்செலவு முதல் அரிசி வரை அத்தனையும் கூலியின் பேரில் கடனாக ஏறியது. அந்தக் கடனை எழுதிய துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடிந்தது. கங்காணிக்குத் தலைக்காசு, கூலிக்குப் பற்று. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. நடந்து வந்தவன் தலையில் சுமையை இறக்கும் கணக்குமுறை இன்னொரு பேரேட்டில் தொடர்கிறது.

கூரியரையும் அமைப்பாளரையும் ஒரு நீதிமன்றம் வெளிப்படையாகப் பிரித்த வழக்கு என்றால் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மயூரன் சுகுமாரன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். 2005 ஏப்ரல் 17ஆம் திகதி, தன் 24ஆவது பிறந்தநாளில், பாலியில் கைதானார். ஒன்பது அவுஸ்திரேலியர்கள், 8 கிலோவுக்கு மேல் ஹெரோயின். உடம்பில் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தவர்கள் கூரியர்கள். மயூரனும் அன்ட்ரூ சானும் அமைப்பாளர்கள் என்றது டென்பசார் நீதிமன்றம். இருவருக்கும் மரணம், மற்றவர்களுக்கு ஆயுள். நேர்த்தியான பிரிப்பு போலத் தெரியும். ஆனால் மேன்முறையீட்டில் மேலும் நால்வருக்கு மரணம் விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் உடம்பில் கட்டிவந்த கூரியர். அந்தத் தண்டனைகள் பிறகு மீண்டும் ஆயுளாகக் குறைந்தன. ஒரே ஆளின் ஒரே செயலுக்கு அதே நாட்டு நீதிமன்றங்கள் ஆயுள், மரணம், ஆயுள் என்று மாறிமாறி விலை போட்டன. சிறையில் ஓவியம் படித்த மயூரன், 2015 ஏப்ரல் 29 அதிகாலையில் நுசகம்பங்கான் தீவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறையில் எஞ்சியிருந்த ஐவர் 2024 டிசம்பரில் அவுஸ்திரேலியா திரும்பினார்கள். 24 வயதில் 'அமைப்பாளர்' என்று எழுதப்பட்ட ஒருவருக்கும் மேலே ஹெரோயினுக்குப் பணம் போட்டவர்கள் இருந்திருக்க வேண்டும். அந்தத் தீவுக்கு அவர்களில் எவரும் கொண்டுபோகப்படவில்லை.

சிங்கப்பூர் இந்தப் பிரிப்பைச் சட்டத்திலேயே எழுதியது. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் என்றால் கட்டாயத் தூக்கு. 2013 முதல் ஒரு சிறு கதவு திறக்கப்பட்டது: குற்றவாளி வெறும் கூரியர் என்று நிரூபித்து, கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரச வழக்குத்தொடுநரிடம் சான்றிதழும் பெற்றால், ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. யாருக்கு இந்தக் கதவு திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உருப்படியான தகவல் வைத்திருப்பவர்கள் மேல்படியில் இருக்கிறார்கள். கீழ்ப்படியில் நிற்பவனுக்கு ஒரு செல்லப்பெயரும் துண்டித்துவிட்ட ஒரு தொலைபேசி இலக்கமும்தான் தெரியும்; அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வியாபாரத்தின் முதல் விதி. மலேசியத் தமிழரான பன்னீர்செல்வம் பரந்தாமன் கூரியர் என்பதை நீதிமன்றமே ஏற்றது. 51.84 கிராம். அவர் தகவல் கொடுத்தும் சான்றிதழ் கிடைக்கவில்லை. 2025 ஒக்டோபர் 8ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். அவருக்கு முன் 2022 ஏப்ரலில் நாகேந்திரன் தர்மலிங்கம்: தொடையில் கட்டிய 42.72 கிராம், அறிவுத்திறன் எண் 69 என்று மதிப்பிடப்பட்டவர். 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா: ஒரு கிலோவுக்குச் சற்று மேலான கஞ்சாவைக் கையால் தொட்டதே இல்லை. தொலைபேசியில் ஒருங்கிணைத்தார், அதனால் உடந்தை என்பது தீர்ப்பு. தூக்கியவனுக்கும் கயிறு, தொலைபேசியில் பேசியவனுக்கும் கயிறு. இரண்டு பேரும் ஏழைத் தமிழர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2012இல் வந்து 2021இல் திருத்தப்பட்ட அங்குள்ள தண்டனை வழிகாட்டி, எடையோடு பங்கையும் கேட்கிறது: தலைமை வகித்தாரா, முக்கிய பங்கா, சிறு பங்கா? மிரட்டலுக்குப் பயந்து செய்தாரா, மேலே உள்ளவர்களிடம் அவருக்குச் செல்வாக்கு இருந்ததா, எவ்வளவு சரக்கு என்று தெரியுமா, கிடைக்க இருந்த காசு எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில் வரும். 5 கிலோ அளவில் ஹெரோயின் இறக்குமதி என்றால் தலைமைக்காரருக்கு 14 ஆண்டு, சிறு பங்காளிக்கு 8 ஆண்டு என்று கணக்குத் தொடங்குகிறது. எட்டு ஆண்டும் லேசில்லை. ஆனால் அது முடிகிற தண்டனை.

எக்குவடோர் இன்னும் துணிந்தது. 2008இல் அதன் அரசியலமைப்புச் சபை, முதல் தடவை பிடிபட்ட, 2 கிலோவுக்கு மேற்படாத கூரியர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. தண்டனையில் ஒரு பகுதியை அனுபவித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு போனார்கள். அப்போதைய ஜனாதிபதி ரபாயல் கொரேயாவின் தந்தை ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குப் போதைப்பொருள் கொண்டுபோய் அங்கே சிறையிருந்தவர். கொரேயா அதை மறைக்கவில்லை.

நமது ஜனாதிபதிகளுக்கு வேறு கவலைகள் இருந்தன. 2019 ஜூனில் மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் வழக்குகளில் நால்வரின் மரண தண்டனையை நிறைவேற்றக் கையெழுத்திட்டதாக அறிவித்தார். அலுகோசு வேலைக்கு விளம்பரமும் போனது. உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. 2014இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஹெரோயின் வழக்கில் கொழும்பு மேல் நீதிமன்றம் ஒக்டோபர் 30ஆம் திகதி மரண தண்டனை விதித்த ஐந்து ராமேஸ்வரம் மீனவர்கள், மஹிந்த ராஜபக்ஷவின் மன்னிப்பால் நவம்பரிலேயே ஊர் திரும்பினார்கள். அவர்களுக்காக டெல்லி பேசியது. அதே வழக்கில் தண்டனை பெற்ற மூன்று இலங்கையருக்காகப் பேச எந்தத் தலைநகரமும் இல்லை. லயத்திலிருந்து போனவருக்கும் அதே நிலைதான்.

2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோது சில வாரங்களுக்குள்ளேயே கைதுகள் 29,000ஐத் தாண்டின என்று ஐ.நா. நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2025 ஒக்டோபரில் இன்னொரு தேசிய நடவடிக்கை பெரும் விழாவோடு தொடங்கியது. எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கும்போது எளிதில் கிடைப்பவன் கூரியர்தான். ஜகார்த்தாவரை போய் ஆள் பிடித்தது அபூர்வமான, பாராட்ட வேண்டிய வேலை. அந்த வேலைக்கு மாதங்கள் ஆகும், மொழி தெரிய வேண்டும், வங்கிக் கணக்குகளைக் குடைய வேண்டும்.

சட்டத்தில் செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 54அ பிரிவில் ஆயுளுக்குக் கீழே ஒரு படியும், பங்கை எடைபோடும்படி நீதிபதிக்கு ஒரு கட்டளையும் சேர்த்தால் போதும். 2022இல் அதே கட்டளைச் சட்டத்தைத் திறந்து கைவைத்தவர்கள் அதைச் செய்திருக்கலாம். செய்தது பிணையை இறுக்கியது. 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் இனி மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டும்தான், அதுவும் விசேட காரணம் காட்டினால்தான் பிணை தரலாம். அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில்.

ஹட்டனிலிருந்து ஒரு தாய் அங்கே போக வேண்டுமானால் ஒரு நாள் சம்பளம் போகும், ரயில் காசு போகும், சட்டத்தரணிக்குக் கொடுக்க நகை போகும். சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பலருக்கு அது தெரிய வரும்போது முதல் வாக்குமூலம் எழுதப்பட்டுவிடுகிறது. எழுதப்படுவது பெரும்பாலும் சிங்களத்தில். கையெழுத்து போட்டவருக்கு அது வாசித்து விளக்கப்பட்டதா, பறிமுதல் செய்த தொலைபேசியில் அந்தப் பார்சல் பற்றிப் பேசிய மற்ற இலக்கம் யாருடையது, அந்த இலக்கத்துக்கு ஏன் சந்தேகநபர் பட்டியலில் பெயர் இல்லை என்ற கேள்விகளை முதல் தவணையிலேயே கேட்க வேண்டும். விசாரணை வரை விட்டுவைத்தால், பெரும்பாலும் தொலைபேசி நிறுவனத்திடம் அந்தப் பதிவுகள் இருக்காது.