ஹைபிரிட் காரின் மைலேஜ்: எக்செல் சொன்ன உண்மை

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இன்றைய ஹைபிரிட் கார் என்பது நான்கு சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்தான். எப்போது இன்ஜினை ஓட்டுவது, எப்போது அணைப்பது, எப்போது பேட்டரியிலிருந்து எடுப்பது என்று நொடிக்கு நொடி முடிவு செய்வது அதற்குள் இருக்கும் சாப்ட்வேர். அந்த சாப்ட்வேர் நமக்கு எவ்வளவு பெட்ரோல் மிச்சம் பிடித்தது என்பதைக் கண்டுபிடிக்க உங்கள் வீட்டு கம்ப்யூட்டரே போதும். அதை நான் கற்றுக் கொண்டது அப்பாவிடம் தலைகுனிந்து நின்ற பிறகுதான்!

அப்பா கேட்ட கணக்கு

எங்கள் ஊர் அரக்கோணம். அப்பா ரயில்வேயில், மின்சார இன்ஜின் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். பெரும்பாலும் சென்னைக்கு மின்சார ரயிலில்தான் போய் வருவேன். குடும்பத்தோடு போகவும், இரவு ஷிப்டுக்கும் ஒரு கார் வேண்டியிருந்தது. சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி.யா, ஹைபிரிட் எஸ்.யு.வி.யா என்று பார்த்தபோது ஆன்-ரோடு விலையில் வித்தியாசம் சுமார் 3 லட்சம் ரூபாய்.

அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: "ஹைபிரிட் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் தரும்ப்பா. நண்பனோட பெட்ரோல் கார் 14தான் தருது. பெட்ரோல் மிச்சத்திலேயே ஐந்தரை வருஷத்தில் அந்த 3 லட்சம் திரும்பி வந்துடும்."

அப்பா எதுவும் கேட்கவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்து 3 லட்சத்தை எடுத்துக் கொடுத்தார். "கணக்கு மட்டும் எழுதி வை" என்றார்.

ஹைபிரிட் என்றால் என்ன?

ஹைபிரிட் கார் புதிதல்ல. டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997-ல். இந்தியாவில் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008-லும், பிரியஸ் 2010-லும் வந்தன. விலை அதிகம் என்பதால் சாலையில் அபூர்வமாகவே தென்பட்டன. நடுத்தரக் குடும்பங்கள் யோசிக்கும் அளவுக்கு ஹைபிரிட் எஸ்.யு.வி. வந்தது 2022-ல். டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர், மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா என்ற இரண்டு கார்களும் பெங்களூரு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் உருவானவை. உள்ளே இருக்கும் ஹைபிரிட் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்: 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், மின் மோட்டார், லித்தியம் அயன் பேட்டரி. இந்த இரண்டில் ஒன்றுதான் எங்கள் வீட்டில் நிற்கிறது.

இந்தக் காருக்கு சார்ஜர் கிடையாது. வீட்டு பிளக்கில் செருக வேண்டியதில்லை. பேட்டரியின் கொள்ளளவு சுமார் 0.76 யூனிட். ஆம், மின்வாரிய பில்லில் வரும் அதே யூனிட்தான். ஒரு யூனிட் கூட இல்லை! முழு மின்சாரக் கார்களில் 30, 40 யூனிட் பேட்டரி இருக்கும்.

இவ்வளவு சிறிய பேட்டரியை வைத்து என்ன செய்ய முடியும்? உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசரில் உள்ள கேஷ் மெமரியை நினைத்துப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அது துளியூண்டு. ஆனால் அடிக்கடி வேண்டியதைக் கையருகே வைத்துக் கொள்வதால் வேலை வேகமாக நடக்கிறது. ஹைபிரிட் பேட்டரியும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் போடுகிறது. அடுத்த நிமிடமே, கார் மெதுவாக நகரும்போது அதை எடுத்துச் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் இன்ஜின் அணைந்திருக்கும்.

இதை அப்பாவுக்கு விளக்கியபோது சிரித்தார். "இதைத்தானேடா எங்க இன்ஜின் செய்யுது. பிரேக் போட்டா கரண்ட்டைத் திருப்பி மேல கம்பிக்கே அனுப்பிடும்" என்றார். உண்மைதான். டபிள்யூ.ஏ.பி-7, டபிள்யூ.ஏ.ஜி-9 போன்ற மின்சார ரயில் இன்ஜின்கள் இப்படித்தான் பிரேக் போடும்போது மின்சாரத்தை மேல்நிலைக் கம்பிக்கே அனுப்புகின்றன. காருக்கு மேலே கம்பி இல்லை. அதனால் பேட்டரி.

திருத்தணி மலையில் ஒரு சோதனை

அரக்கோணத்துக்குப் பக்கத்திலேயே திருத்தணி. முருகன் கோயிலுக்குப் படிகளில் ஏறலாம். காரில் மலைப்பாதையிலும் போகலாம். ஏறும்போது டிஸ்ப்ளேயைப் பாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும். தரிசனம் முடித்து இறங்கும்போது கதை தலைகீழ். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தாலே பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறும்.

அப்படியானால் ஏறச் செலவான பெட்ரோல் முழுவதும் திரும்பிவிடுமா? இல்லை. ஆட்களோடு சேர்த்து காரின் எடை 1,500 கிலோ, இறங்கும் உயரம் 100 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். கிடைக்கக்கூடிய மொத்த ஆற்றலே சுமார் 0.4 யூனிட்தான். அதில் ஒரு பகுதிதான் பேட்டரிக்குப் போகும். மேலும், ஆயுள் குறையாமல் இருக்க, பேட்டரியை முழுவதும் நிரம்பவும் காலியாகவும் சாப்ட்வேர் விடாது. நீண்ட இறக்கத்தில் பேட்டரி அதன் வரம்பைத் தொட்டுவிட்டால் மின்சாரத்துக்குப் போக இடம் இருக்காது. அப்போது இன்ஜின் திடீரென்று சத்தமாகச் சுழலும். பயப்பட வேண்டாம்! கோளாறு இல்லை. காரைக் கட்டுப்படுத்த இன்ஜினைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

எக்செல்லில் மைலேஜ் கணக்கு

காரின் டிஸ்ப்ளே காட்டும் மைலேஜை மட்டும் நம்பாதீர்கள். என் காரில் அது 22.6 காட்டியபோது என் கணக்கில் 21தான் வந்தது. நீங்களே கணக்கிடுவது எளிது.

1. ஒரே பங்க்கில், தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பவும். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்ளவும்.

2. அடுத்த முறையும் அதேபோல் நிரப்பவும். இப்போது போட்ட லிட்டர்தான் நீங்கள் இடையில் செலவழித்தது.

3. எக்செல்லைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யவும். ஏ பத்தியில் தேதி, பி-யில் ஓடோமீட்டர், சி-யில் லிட்டர், டி-யில் மைலேஜ், இ-யில் குறிப்பு. எக்செல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

4. முதல் முறை நிரப்பிய விவரம் இரண்டாவது வரிசையில், அடுத்தது மூன்றாவது வரிசையில். டி3 செல்லில் =(பி3-பி2)/சி3 என்ற பார்முலாவை, எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். பிறகு அந்த செல்லின் வலது கீழ் மூலையை மவுசால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பாதி டேங்க் மட்டும் நிரப்பினால் தனி வரிசை போடாதீர்கள். அந்த லிட்டரை அடுத்த முழு டேங்க்கோடு கூட்டிக் கொள்ளுங்கள். இரண்டாவது, டி பத்தியின் எண்களைக் கூட்டி சராசரி எடுக்காதீர்கள். 400 கிலோமீட்டர் 16 மைலேஜிலும், அடுத்த 400 கிலோமீட்டர் 24 மைலேஜிலும் ஓடினால் சராசரி 20 அல்ல. முதலில் 25 லிட்டர், அடுத்து 16.67 லிட்டர். மொத்தம் 800 கிலோமீட்டருக்கு 41.67 லிட்டர். உண்மையான மைலேஜ் 19.2. எப்போதும் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்கவும். முதல் முறை நிரப்பிய லிட்டரைச் சேர்க்கக் கூடாது.

விளம்பர எண் ஏன் கிடைக்கவில்லை?

2022-ல் இந்தக் கார்களுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது பொய்யல்ல. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி, ஏ.சி. போடாமல் ஓட்டிப் பார்த்த எண் அது. நம் ஊர் மே மாத வெயிலில் ஏ.சி. இல்லாமல் யார் ஓட்டுவார்கள்? பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு.

குறிப்புப் பத்தி இன்னொன்றையும் காட்டியது. திருவள்ளூர், பூந்தமல்லி வழியாக நெரிசலில் ஊர்ந்த டேங்க்குகளில் எனக்கு 23, 24 கிடைத்தது. பெங்களூரு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தபோது 18, 19. சாதாரண காருக்கு இது நேர்மாறு! காரணம் எளிது. நெரிசலில் அடிக்கடி பிரேக் பிடிப்பதால் மின்சாரம் திரும்பக் கிடைக்கிறது, இன்ஜினும் அணைந்து கிடக்கிறது. நெடுஞ்சாலையில் பிரேக்கே பிடிப்பதில்லை. காற்றின் எதிர்ப்பை உடைக்க இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பராமரிப்பு: நான் செய்த தவறு

ஹைபிரிட் காரில் பெரிய பேட்டரியைத் தவிர சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவது இதுதான். இது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் கார் கிளம்பாது. பவர் சுவிட்ச் வேலை செய்யாத பி.சி. மாதிரி!

ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் பெங்களூரு போயிருந்தேன். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யட்டும் என்று நானே கேட்டுப் பொருத்திய டேஷ்கேமரா, அந்த மூன்று வாரமும் 12 வோல்ட் பேட்டரியைக் குடித்திருக்கிறது. திரும்பி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. திருத்தணி போக அப்பா வேட்டி கட்டித் தயாராக நிற்கிறார். கார் பொம்மை மாதிரி நிற்கிறது. "நான் ரயில்லயே போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் சொல்லி மாளாது.

எனவே:

* வாரம் ஒரு முறையாவது "ரெடி" விளக்கு எரிய, அரை மணி நேரம் காரை வெளியே ஓட்டவும். மூடிய ஷெட்டுக்குள் இயக்கி வைக்கக் கூடாது. எப்போதும் மின்சாரம் இழுக்கும் கருவிகளைக் கழற்றி விட்டு ஊருக்குப் போகவும்.

* பெரிய பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரம் எங்கே இருக்கிறது என்று மேனுவலில் பார்த்து, அதன் மேல் பை, துணி வைக்காமல் இருக்கவும். கேபினெட் பேனில் தூசி அடைத்தால் பி.சி. சூடாவது போலத்தான் இதுவும்.

* ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

* வெள்ளத்தில் நின்ற காரை இயக்கிப் பார்க்காமல் சர்வீஸ் மையத்துக்கு இழுத்துச் செல்லச் சொல்லவும்.

* டயர் காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் சரிபார்க்கவும். காற்று குறைந்தால் மைலேஜும் குறையும்.

மூன்று லட்சம் திரும்பியதா?

ஓராண்டு முடிந்தது. 15,000 கிலோமீட்டர், 714 லிட்டர், மைலேஜ் 21. நண்பனின் காராக இருந்தால் 14 மைலேஜில் 1,071 லிட்டர் ஆகியிருக்கும். மிச்சம் 357 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 35,700 ரூபாய். 3 லட்சம் திரும்ப ஏறக்குறைய எட்டரை வருடம்!

என் தவறு எங்கே? ஹைபிரிட்டுக்கு விளம்பர எண்ணையும், பெட்ரோல் காருக்கு நண்பன் சாலையில் கண்ட எண்ணையும் எடுத்துக் கொண்டேன். இரண்டுக்கும் விளம்பர எண், அல்லது இரண்டுக்கும் சாலை எண். கலந்தால் கணக்கு தப்பு. அதே கார் வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடினால் ஐந்து வருடத்தில் பணம் திரும்பிவிடும். 8,000 கிலோமீட்டர்தான் என்றால் பெட்ரோல் மிச்சத்துக்காக மட்டும் ஹைபிரிட் வாங்காதீர்கள். நெரிசலில் சத்தமில்லாத ஓட்டம், குறைந்த புகை இவையும் வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

பைலை அப்பாவிடம் காட்டி, "தப்பா சொல்லிட்டேன்ப்பா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"எட்டரை வருஷமா? அப்போ நான் இருந்து பார்க்கணும்" என்றார். பிறகு, "இந்த மவுஸை எப்படிப் பிடிச்சு இழுக்கணும்? காட்டு. இனிமே நானே எழுதறேன்" என்றார்.

என் பழைய டெஸ்க்டாப் இப்போது அப்பாவின் மேஜையில். ஒவ்வொரு பெட்ரோல் பில்லையும் அவரே ஏற்றுகிறார். மாதம் ஒருமுறை பென்டிரைவில் காப்பியும் எடுக்கிறார். உங்கள் வீட்டில் ஹைபிரிட் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பைக் பில்லை வைத்தே இன்று ஒரு பைலைத் தொடங்குங்கள். எக்செல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.