வெள்ளிக் களிமண்ணும் இரத்தினபுரிக் கல்லும்

சப்பிரகமுவ மாகாணத்தின் மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் செழிக்கின்றன. இரத்தினபுரிப் பள்ளத்தாக்கு வயல்களிலோ மாணிக்கக் குழிகள் தோண்டப்படுகின்றன. குழியின் அடியில் கிடைக்கும் பரல்மண்ணைச் சிங்களத்தில் 'இல்லம' என்பர். அதனைக் கூடையில் இட்டு நீரில் அரித்தால் நீலக்கல்லும் புட்பராகமும் அகப்படுவதுண்டு.

அத்தகைய கல்லை நகையில் பதிப்பது பத்தரின் தொழில். வெள்ளியை மூசையில் உருக்கித் தகடாகத் தட்டி, வெண்காரமிட்டுப் பற்றவைத்து, கல்லுக்குக் கூடு அமைப்பார். பட்டறையும் பல்லாண்டுப் பயிற்சியும் இன்றி இது கைகூடாது.

இப்பயிற்சி இல்லாதவரும் வெள்ளி நகை செய்யத்தக்க வழியொன்று 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிறந்தது. மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் உருவாக்கிய வெள்ளிக் களிமண்ணே அது. பெயர் களிமண்ணாயினும் இதில் மண் சிறிதும் இல்லை. நுண்ணிய வெள்ளித் தூளுடன் நீரும், எரிந்து மறையும் ஒருவகைப் பசையும் சேர்த்துப் பிசைந்த கலவை இது. லயத்தில் ரொட்டிக்கு மாப் பிசையும் கைகளும் இதனை எளிதில் உருட்டித் தட்டலாம். இலையொன்றை அழுத்தினால் அதன் நரம்புகளும் பதியும்.

உலர்ந்த உருவத்தைச் சூளையில் இட்டதும் பசை எரிந்துவிடுகிறது. வெள்ளித் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று இறுகுகின்றன. முதலில் வந்த வகையை ஏறத்தாழ 900 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். வெள்ளி உருகுவதோ 962 பாகையளவில். எனவே வெப்பம் மிஞ்சினால் வேலை வீணாகும். அவ்வகை சுடும்போது ஏறத்தாழக் கால் பங்கு சுருங்குவதால், மோதிரத்தை முதலிலேயே பெரிதாகச் செய்ய வேண்டும். பின்வந்த வகைகள் குறைவாகவே சுருங்குகின்றன. குறைந்த வெப்பத்திலும் இறுகுகின்றன.

கல்லை ஈரக் களிமண்ணிலேயே பதித்துச் சுடலாமா? ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நீலக்கல் இந்நெருப்பைப் பெரும்பாலும் தாங்கும். குழியில் எடுத்த கல்லின் நிலை வேறு. பால்நிறமான 'கெவுட' கல்லை 1,600 பாகையளவு வெப்பத்தில் பக்குவமாகச் சுட்டு நீலமாக்குவது உண்மையே. ஆயினும் இலங்கை நீலக்கற்கள் பலவற்றுள் கரியமிலவாயு அடைபட்ட நுண்குமிழிகள் உண்டு. சூடேறும்போது அவ்வாயு விரிந்து கல்லைப் பிளக்கக்கூடும். சில கற்களின் நிறமும் மாறக்கூடும். முத்து சூளைக்கு ஆகாது.

ஆதலால், அறிந்தோர் கூட்டை மட்டும் முதலிற் சுட்டு, ஆறிய பின்னரே கல்லைப் பதிப்பர். அவ்விடத்தில் பத்தரின் பழைய கைப்பழக்கமே மீண்டும் துணைக்கு வருகிறது. வெள்ளி பழுதுபட்டால் உருக்கி மீட்கலாம். பல மாதம் குழியில் உழைத்துப் பெற்ற கல் வெடித்தால் மீளாது.