தானாகப் படிப்பது என்றால் தனியாக விடுவதல்ல

"இங்கிலீஷா? அதெல்லாம் நீங்களேதான் வளர்த்துக்கணும்ப்பா." தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்கிற அறிவுரை இது. கூடவே, தினமும் பேப்பர் படி, படம் பார், ஆப் போட்டுக்கோ. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை விட்டுவிடும். "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று பழியையும் தானே சுமந்துகொள்ளும்.

சுயமாக மொழி கற்பதைப் பல்கலைக்கழக அளவில் முறையாகச் செய்து பார்த்த முன்னோடிகளில் பிரான்சின் நான்சி நகரத்துக்காரர்கள் முக்கியமானவர்கள். 1969-ல் அங்கே 'கிராப்பெல்' என்ற மையம் தொடங்கப்பட்டது. அதை நடத்திய ஆன்றி ஒலெக்கின் நூல் 1981-ல் வந்தது. அவர் சொல்வது இவ்வளவுதான்: எதற்காகப் படிக்கிறேன், எதைப் படிக்கிறேன், எப்படிப் படிக்கிறேன், ஒழுங்காகப் போகிறதா, எவ்வளவு வந்திருக்கிறது என்ற ஐந்தையும் கற்பவரே முடிவு செய்வதுதான் தன்னாட்சி. ஆனால் அந்தத் திறமை பிறவியிலேயே வருவதில்லை, பழக்கித்தான் வர வேண்டும். அதனால்தான் அந்த மையத்தில் ஒலிநாடாக்களை அடுக்கி வைத்ததோடு நிற்காமல், மாணவரோடு உட்கார்ந்து பேச ஆலோசகர்களையும் வைத்தார்கள்.

நம்மிடம் விட்டுப்போவது இந்த ஆலோசகர்தான் என்று நினைக்கிறேன். உதாரணத்துக்கு, பேப்பர் விஷயம். யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, நூறு வார்த்தையில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹு, நேஷன் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தலையங்கத்தில் வரிக்கு மூன்று வார்த்தை தெரியாத முதலாண்டு மாணவர் அதை விட்டுவிட்டால், அது சோம்பேறித்தனம் இல்லை. அவர் கையில் இருப்பது தப்பான புத்தகம். எளிதாக்கி எழுதிய கதைப் புத்தகங்கள் அவருக்குச் சரி. பாடப் புத்தகத்துக்கு என்றால், அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. கல்விசார் எழுத்தில் சுமார் பத்து சதவீதச் சொற்கள் அதற்குள் அடங்குகின்றன.

ஆனால் இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமே! ஆசிரியர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மாணவருக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கலாம். பாடம் நடத்த வேண்டாம். என்ன படிச்சே, எங்கே நின்னுச்சு, அடுத்து என்ன செய்யப்போறே என்று கேட்டால் போதும். பதிலை அவரே நோட்டில் எழுதட்டும். சில மாதங்களில் அந்தக் கேள்விகளை அவரே தன்னிடம் கேட்கத் தொடங்கினால், ஆலோசகர் மெல்ல விலகிக்கொள்ளலாம்.