நுனியில் மட்டும் நனையும் கம்பி

லேத் பட்டறைகளில் ஈஎன் 8, ஈஎன் 19 என்று கேட்டு வாங்கும் இரண்டு எஃகுகளிலும் கார்பன் ஏறக்குறைய 0.4 சதவீதம்தான். காய்ச்சித் துவைச்சல் போட்டால், அதாவது சட்டென்று குளிர்வித்தால், தோல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கெட்டிப்படும். அந்தக் கெட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது? லாரி ஆக்சிலின் ஆயுள் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எட்டக்கூடிய கடினத்தைக் கார்பன் தீர்மானிக்கிறது. ஆழத்தைப் பெரும்பாலும் குரோமியம், மாலிப்டினம், மாங்கனீசு போன்ற கலப்புகள் தீர்மானிக்கின்றன. இந்த ஆழத் திறனைத்தான் கடினமாகுதிறன் என்கிறோம்.

அதை அளக்கும் வழியை 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஜோமினியும் போகிஹோல்டும் வகுத்தார்கள். 25 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளத்தில் ஓர் உருளை. ஈஎன் 19 என்றால் 850 டிகிரி செல்சியஸை ஒட்டி அரைமணி நேரம் உலையில் ஊற வேண்டும். வெளியே எடுத்து ஐந்து நொடிக்குள் தாங்கியில் தொங்கவிட்டாக வேண்டும். கீழிருந்து 12.5 மி.மீ. குழாய்வாய்த் தண்ணீர் பீறிட்டு அடிமுகத்தில் மட்டும் மோதி, குடையாக விரிந்து விழும். பக்கவாட்டில் ஒரு சொட்டும் படக் கூடாது. அடி சட்டென்று கறுக்கும். கறுப்பு மெல்ல மேலேறும். மேல்நுனி வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த சோதனைகளில் இவ்வளவு அழகானது குறைவு. அடியில் நொடிக்கு நூற்றுக்கணக்கான டிகிரி குறைகிறது, மேலே சில டிகிரிதான். தண்ணீரில் போட்டது, எண்ணெயில் போட்டது, காற்றில் ஆறியது எல்லாம் ஒரே கம்பிக்குள் வந்துவிடுகின்றன. தடித்த ஷாஃப்டின் நடுமையம் என்ன வேகத்தில் குளிருமோ, அதே வேகத்தில் குளிர்ந்த ஓர் இடம் இதில் எங்கோ இருக்கும். ஷாஃப்டை அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு எதிரெதிரே இரண்டு பக்கம் 0.4 மி.மீ. ஆழம் அரைத்துத் தட்டையாக்குவார்கள். இங்கே நிதானம் வேண்டும். அரைக்கும்போது சூடேறினால் துவைச்சல் தணிந்து அளவு பொய்த்துவிடும். அடியிலிருந்து 1.5 மி.மீ. தொடங்கி வரிசையாக ராக்வெல் கடினமானியின் வைரமுனை குத்திக்கொண்டே போகும். ஈஎன் 19 ஒரு சென்டிமீட்டர் தள்ளியும் 50ஐ ஒட்டி நிற்கும். ஈஎன் 8 அதே இடத்தில் 30ஐ ஒட்டி விழுந்திருக்கும்.

ஆகவே தடித்த ஆக்சிலுக்கு எஃகு வாங்கும்போது, மேற்பரப்பின் கடின எண்ணோடு திருப்தியடையாதீர்கள்; ஜோமினி அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.