புரதம் போகும் பாதை

எமது மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவப் பகுதியில், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்கள் பலவற்றை வாட்டி வருகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட இந்நோய், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களையும் தாக்குகிறது. இதில் பெரிதும் பாதிக்கப்படுவது, சிறுநீரகத்தியின் சிறுகுழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழையமுமே.

சிறுகுழாயின் சுவரில் மேலணிக் கலங்கள் ஒற்றைப் படையாக அமைந்துள்ளன. வடிதிரவத்தில் வரும் சிறிய புரதங்களை மீட்டெடுப்பதும் அவற்றின் வேலை. மேற்பரப்பிலுள்ள மெகலின் எனும் வாங்கி புரதத்தைப் பிடிக்கும். மென்சவ்வு உள்மடிந்து புடகமாகும். புரதம் இலைசோசோமைச் சேர்ந்து சமிபாடடையும். மெகலின் மேற்பரப்புக்குத் திரும்பும். இப்போக்குவரத்துக் குழம்பினால் அல்பா-1 மைக்குரோகுளோபியுலின் எனும் புரதம் சிறுநீரில் கூடும். வடமத்திய மாகாண நோயாளரிடம் ஆரம்பக் கட்டத்திலேயே அது கூடியிருந்ததை ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர்.

கண்ணுக்குத் தெரியாத இப்பாதையை ஆய்வுகூடத்தில் எவ்வாறு அறிகிறார்கள்?

முதலாவது, அடையாளமிட்டுத் தொடர்தல். 1960களில் ஜோர்ஜ் பலாடேயின் குழுவினர், கினிப்பன்றியின் சதையிக் கலங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் கொடுத்தனர். பின்னர் சாதாரண அமினோ அமிலத்தைக் கொடுத்து, வெவ்வேறு நேரங்களில் கலங்களைப் பார்த்தனர். அடையாளமிட்ட புரதம் முதலில் அகமுதலுருச் சிறுவலையிலும், அடுத்து கொல்கி உபகரணத்திலும், இறுதியில் சுரப்புச் சிறுமணிகளிலும் தென்பட்டது. பலாடே 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாவது, வடிதாளில் வளர்த்தல். 1958இல் நாயின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட ஒரு கலவரிசை இன்றும் பயன்படுகிறது. நுண்துளைகளுள்ள மென்தகட்டில் இக்கலங்கள் இடைவெளியற்ற படையாக வளரும். மேலேயும் கீழேயும் உள்ள திரவங்களைத் தனித்தனியே சோதித்தால், ஒரு புரதம் எப்பக்கமாக வெளியேறியது என்பது தெரியும்.

மூன்றாவது, ஒளிரச் செய்தல். ஜெலிமீனின் பச்சை ஒளிர் புரதத்துக்குரிய பரம்பரையலகை, ஆராய வேண்டிய புரதத்தின் பரம்பரையலகுடன் இணைப்பார்கள். அப்போது உயிருள்ள கலத்திலேயே அதன் பயணத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். இதற்கான நோபல் பரிசு 2008இல் கிடைத்தது.

நான்காவது, இலத்திரன் நுணுக்குக்காட்டி. இலங்கை நோயாளரின் சிறுநீரக இழையத்தையும் உள்ளடக்கி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுகுழாய்க் கலங்களில் பருத்து உருமாறிய இலைசோசோம்களைக் காட்டியது. நச்சுப்பொருளே காரணம் என அவ்வாய்வாளர் கருதினர். இது குறித்து விவாதம் தொடர்கிறது.

பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இந்நோய் தொடக்கத்தில் வலியோ வீக்கமோ காட்டாமல் இருக்கலாம். ஆகவே நோயுள்ள பகுதிகளில் வாழ்வோர், உடல் நலமாகத் தோன்றினாலும் குருதியையும் சிறுநீரையும் காலத்துக்குக் காலம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தோழிகளே, பரீட்சைக்காக நாம் வரையும் கலப் படத்திலுள்ள ஒவ்வொரு புடகமும் ஒரு விவசாயியின் உயிரோடு தொடர்புடையது.